வெட்டிவேரும் பொன் தாடியும்: உலகத் தாவரப் பட்டியலோடு நாலரை வருடம்

போன கிழமை கோண்டாவிலில் இருந்து ஒரு நண்பன் கேட்டான்: "மச்சான், பள்ளிக்கூடத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை அடிக்கப் போறம். நீ பாவிக்கிற அந்த உலகப் பட்டியலை நம்பி அடிக்கலாமோ?"

ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் மூன்றாவது தடவையாகப் பலகை அடிக்க முற்பணம் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கோயிலின் பின்வளவில் சின்ன நந்தவனம் ஒன்று உண்டு. முப்பத்தெட்டு செடிகள். அவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும் எழுதி வைக்கும் பொறுப்பை 2019இல் நானாகத்தான் கேட்டு வாங்கினேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

அவன் கேட்ட அந்த உலகப் பட்டியலின் பெயர் வேர்ல்ட் ஃப்ளோரா ஒன்லைன். அது என்ன என்று பாடம் எடுக்கப் போவதில்லை. மிசூரி, நியூயோர்க், எடின்பரோ, கியூ ஆகிய நாலு தாவரவியல் பூங்காக்கள் தொடங்கியது, 2012இல் ஹைதராபாத்தில் நடந்த உயிர்ப்பல்வகைமை மாநாட்டில் அறிவிக்கப்பட்டது, அறியப்பட்ட எல்லாத் தாவரங்களுக்கும் 2020க்குள் ஓர் இணையத் தொகுதி என்பது இலக்கு. இவ்வளவும் தேடினாலே கிடைக்கும். கிடைக்காதது, அதோடு குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும் என்பது.

முதல் தடவை நான் அதைப் பாவிக்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய மூலிகைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். புத்தகத்தில் இல்லாத சிலவற்றுக்கு மட்டும் தி பிளான்ட் லிஸ்ட் என்ற முந்தைய இணையப் பட்டியலைத் திறந்தேன். அது 2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத பட்டியல் என்பதைக் கவனிக்காதது என் பிழை. மருளுக்கு அதில் இருந்தபடி சான்செவீரியா சைலானிக்கா என்று எழுதினேன். மருள் இனமெல்லாம் டிரசீனாவுக்குள் சேர்க்கப்பட்டு, டிரசீனா சைலானிக்கா என்ற பெயர் 2017இலேயே வெளிவந்திருந்தது. பலகை காயும் முன்பே பெயர் பழசு.

2021இல், வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில், முப்பத்தெட்டையும் புதிய பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்பது பிழை. அதில் துளசியும் ஒன்று. புத்தகத்தில் ஒசிமம் சாங்டம். சாங்டம் என்றால் புனிதம். பட்டியலில் அது ஒதுக்கப்பட்ட பெயர். சரியானது ஒசிமம் டெனுயிஃப்ளோரம், அதாவது மெல்லிய பூக்காரி. இரண்டையும் வைத்தவர் ஒரே ஆள்தான். செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753இல் டெனுயிஃப்ளோரம் என்றார், 1767இல் சாங்டம் என்றார். ஒரே செடிக்கு இரண்டு பெயர் என்று தெரிந்தால் முந்தியது நிற்கும், பிந்தியது விழும். அதுதான் விதி. புனிதத்துக்கெல்லாம் சலுகை கிடையாது.

இதைக் கோயில் தலைவரிடம் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "ஏன் தம்பி மாத்தினனீர்? புனிதம் எண்டு வெள்ளைக்காரனே எழுதி வச்சிருக்கிறான், அதை ஏன் கழட்டினனீர்?" என்றார். எனக்கு வயது அறுபத்திரண்டு. அவருக்கு நான் இன்னும் தம்பிதான்.

சரி, துளசியை விடுவோம். என் தொண்டையில் சிக்கிய முள் வெட்டிவேர்.

புத்தகத்தில் வெட்டிவேரியா சிசானியோய்டிஸ் என்று இருந்தது. அதை எழுதும்போது ஒரு பெருமை வந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நாங்கள் பானைத் தண்ணீரில் போடுகிற வேரின் பெயர், அப்படியே தமிழாக, உலகத்துத் தாவரவியலாளர்கள் எல்லோர் வாயிலும். பட்டியலில் தேடினால் அந்தப் பெயர் ஒதுக்கப்பட்டிருந்தது. ஏற்கப்பட்டது கிரைசோபோகன் சிசானியோய்டிஸ். கிரைசோபோகன் என்றால் கிரேக்கத்தில் பொன் தாடியாம். எந்தத் தாடி, யாருடைய தாடி? வெட்டிவேருக்குப் பெருமையே மண்ணுக்குக் கீழேதான்!

பிறகு ஆற அமர வாசித்தேன். வெட்டிவேரைத் தனிப் பேரினமாக, அதாவது பெயரின் முதல் சொல் குறிக்கும் தனிக் கூட்டமாக, நிறுத்த வலுவான காரணம் இல்லை என்று புல்லினங்களை ஆராய்ந்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கிரைசோபோகனுக்குள் அதை வைத்த பெயர் 1960இலேயே வெளியாகியிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போக முன்பே முடிந்த வழக்கு. பட்டியல் தீர்ப்பைப் பதிந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் கோபப்படுவதில் நியாயம் இல்லை. நியாயம் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு ஜூனிலும் டிசம்பரிலும், புதிய பதிப்பு வரும்போதெல்லாம், முதலில் வெட்டிவேரைத்தான் தேடுகிறேன். யாராவது மனம் மாறியிருப்பார்களோ என்ற நப்பாசை.

வருடத்துக்கு இரண்டு பதிப்பு என்பதே எனக்குத் தொந்தரவு. அறிவியலுக்கு அது நல்லது, தெரியும். ஒவ்வொரு தாவரக் குடும்பத்துக்கும் அதை அறிந்த நிபுணர் குழுக்கள் இருந்து திருத்துகின்றன. ஆனால் என்னிடம் இருப்பது அலுமினியத் தகடு. ஜூனில் சரியாக இருந்தது டிசம்பரிலும் சரியா என்று முப்பத்தெட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. மாறியிருக்காது என்பதைப் பார்த்து முடிக்க ஒரு பின்னேரம் போய்விடும்.

இன்னொரு முறைப்பாடும் உண்டு. இது பெயர்களைப் பற்றிய பட்டியல் என்பதால் லத்தீன் பெயரோடு வருபவருக்குத்தான் கதவு இலகுவாகத் திறக்கும். "வல்லாரை" என்ற ஒரு சொல்லோடு மட்டும் போகிறவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். கேபோஸ் லேன் மூலிகைக் கடையில் போய் பிரமி கேட்டால் ஒருவர் வல்லாரையை எடுப்பார், மற்றவர் நீர்ப்பிரமியை எடுப்பார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க லத்தீன் வேண்டும். லத்தீனுக்குப் போய்ச் சேர வேறு யாராவது கைபிடித்து விட வேண்டும். நான் பேராதனைப் பூங்காவுக்குப் போய் அங்கே செடிகளுக்கு எழுதியிருப்பதைப் படம் எடுத்து வந்துதான் பாதி வேலையை முடித்தேன்.

இவ்வளவு திட்டியும் ஏன் நாலரை வருடமாக விடாமல் பாவிக்கிறேன்? ஆடாதோடையால்.

எங்கள் புத்தகத்தில் அதற்கு அடதோடா வசிக்கா என்று இருந்தது. கடைக்காரர் ஒருவரின் டப்பாவில் அடதோடா சைலானிக்கா. நான் இரண்டும் இரண்டு செடி என்றே நினைத்திருந்தேன். பட்டியலில் முதலாவதைப் போட்டேன்: ஒதுக்கப்பட்டது, ஏற்கப்பட்ட பெயர் ஜஸ்டீசியா அடதோடா. இரண்டாவதைப் போட்டேன்: அதுவும் அங்கேயே கொண்டுபோய் விட்டது. எந்தப் பழைய பெயரோடு போனாலும் "இப்படி ஒன்று இல்லை, போ" என்று விரட்டாது. விழுந்த பெயரையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து, வழியைக் காட்டும். பழைய பிளான்ட் லிஸ்டின் கடைசிப் பதிப்பில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன; அதில் ஏற்கப்பட்ட இனங்கள் ஏறக்குறைய 3 லட்சத்து 50 ஆயிரம். மிச்சமெல்லாம் ஒரே செடிக்கு வெவ்வேறு ஆட்கள் வைத்த பெயர்கள், தீர்க்கப்படாதவை, சிக்கல்கள். அந்தக் குப்பையைப் பொறுமையாகப் பிரித்து அடுக்குகிறார்கள்.

அடதோடா என்ற சொல்லைத் துரத்திக்கொண்டு போனதில் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. 1672இல் இருந்து சில வருடங்கள் ஒல்லாந்தர் கம்பனியின் மருத்துவராக இங்கே, இதே கொழும்பில் இருந்த பவுல் ஹெர்மன் என்பவர் செடிகளைச் சேகரித்து, உள்ளூர்ப் பெயர்களையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சேகரிப்பு கைமாறிக் கைமாறி லின்னேயஸிடம் போய், அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுத அதுதான் அடிப்படை. இன்று அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது ஆடாதோடைப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. உள்ளூர் வாயில் இருந்த சொல் லத்தீன் பெயருக்குள் இன்னும் நிற்கிறது. எங்கள் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற சிங்களப் பெரியவரும் அதை ஆடாதோட என்றுதான் சொல்வார். வெட்டிவேரில் பறிபோன சொல்லுக்கு இது ஈடா என்று கேட்டால், இல்லை. ஆனாலும்.

பெயரில் என்ன இருக்கிறது, செடியைக் காப்பாற்றினால் போதாதா என்று மகள் கேட்டாள். கம்பஹாவில் அந்தக் கிரூடியா சைலானிக்கா மரத்தின் கதையைச் சொன்னேன். அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட இனம். 2019இல் வீதியோரத்தில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்று 2021இல் நாடே சத்தம் போட்டது. அது இன்ன மரம் என்று ஒருவர் பெயர் சொல்லி அடையாளம் காட்டியிராவிட்டால், வீதிக்குக் குறுக்கே நின்ற இன்னொரு மரம், அவ்வளவுதான். ஒரே செடி இரண்டு பெயரில் இரண்டு அறிக்கையில் இருந்தால், எத்தனை மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கே பிழைத்துவிடும்.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. பெயர் விழுந்தாலும் எண் விழாது. அந்த எண்ணோடு போனால் விழுந்த பெயரின் பக்கம் வரும், அங்கிருந்து இப்போதைய பெயருக்கு வழி இருக்கும். 2021 பலகைகளில் அந்த எண்ணுக்குரிய கியூஆர் குறியை மூலையில் ஒட்டினேன். கடல் காற்றின் உப்பில் தகடு பொருமி, எழுத்து உரிந்து, வல்லாரையில் "ரை" மட்டும் மிஞ்சிய பிறகும் சில குறிகள் வேலை செய்தன. போன மாதம் ஒரு பொடியன் கைத்தொலைபேசியைக் காட்டி, "அங்கிள், இது வருது" என்றான். அவ்வளவு சந்தோஷம்.

ஆக, மூன்றாம் தடவை பலகை அடிப்பது பட்டியலின் குற்றம் அல்ல. முதல் தடவை என் குற்றம், இரண்டாவது உப்புக் காற்றின் குற்றம். 2019இல் கொடுத்த காசைப்போல மூன்று மடங்கு கேட்கிறார்கள், அது நாட்டின் குற்றம். இவ்வளவும் தெரிந்துகொண்டே நண்பனுக்கு என்ன பதில் எழுதினேன் தெரியுமா?

"வேண்டாம் மச்சான். தமிழ்ப் பெயரைப் பெரிசா அடி. கீழே கியூஆர் மட்டும் போடு. லத்தீனை எழுதாதே, நிம்மதியா இருப்பாய்."

அவன் திரும்பக் கேட்டான்: "அப்ப நீயும் எழுதேல்லையோ?"

எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டுக்கும். தலைவர் ஐயா லத்தீன் இல்லாமல் பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த முறை துளசிக்கு என்ன பெயர் என்று கேட்காமலே கையெழுத்து வைத்தார். வெட்டிவேர் பலகையில் மட்டும், ஏற்கப்பட்ட பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், பழைய பெயரையும் போடச் சொன்னேன். அச்சகத்துப் பிள்ளை, "ரெண்டு பேர் எதுக்கு ஐயா, இடம் காணாதே" என்றாள். எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன்.

நேற்று இரவு திரும்பவும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இன்னும் பொன் தாடிதான்.