சேலத்தில் முயலுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் முயல் பஞ்சுவுக்கு இப்போது மூன்று கால்கள்தான். நான்காவது கால் போனதற்குக் கூண்டுக் கம்பி பாதிக் காரணம். மீதிப் பாதி, சேலத்தில் நான் நம்பிப் போன ஒரு தனியார் கிளினிக். ஏற்காட்டிலோ சேலத்திலோ முயல் வளர்க்கிறீர்கள் என்றால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

கடந்த டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கூண்டின் அடிவலையில் பின்னங்கால் சிக்கிப் பஞ்சு மிரண்டு துள்ளியிருக்கிறது. முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் சுமார் 8 சதவீதம்தான்; பின்னங்கால் தசைக்கோ அசாத்திய வலு. சிக்கிய காலை அதுவே உதறி அதுவே முறித்துக்கொள்ளும். நான் தூக்கியபோது முழங்காலுக்குக் கீழே ஈரத் துணியைப் போலத் தொங்கியது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. முயல் வலியை வெளியே காட்டாது என்பது தெரியாததால், பெரிய வலி இல்லை போலிருக்கிறது என்று நினைத்து விடியும்வரை காத்திருந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கினோம். காய்கறிக் கூடையில் சாக்கு விரித்துப் பஞ்சுவை வைத்திருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் மகள் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை.

கிளினிக்கின் பலகையில் எல்லாச் செல்லப் பிராணிகளுக்கும் சிகிச்சை உண்டு என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "சின்ன எலும்புதானே அக்கா, கட்டினால் தானாகக் கூடிவிடும்" என்றார் அங்கிருந்தவர். பாதத்தின் நுனிகூடத் தெரியாதபடி இறுக்கிச் சுற்றினார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் ஒரு பாட்டில் தந்தார். வலிக்கு ஒன்றும் தரவில்லை. "இன்று ராத்திரி தீனி ஒன்றும் கொடுக்காதீர்கள், வாந்தி எடுத்துவிடும்" என்றும் சொன்னார். 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு மெஷின் வேலை செய்யவில்லையாம். மருந்துச் சீட்டுக்குப் பதிலாக, சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் "காலை 1, மாலை 1" என்று எழுதித் தந்தார்.

முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய குடல்; அரை நாள் தீனி இல்லாமல் போனாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. இது தெரியாத ஒருவரிடம்தான் நான் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சு கல்யாண முருங்கைத் தழையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. போன் செய்தேன். "மருந்து வேலை செய்கிறது, அப்படித்தான் இருக்கும்" என்றார். திங்கட்கிழமை காது சில்லிட்டிருந்தது, பல்லை நறநறவென்று கடித்தது, கட்டிலிருந்து வாடை வந்தது. மறுபடி போன் செய்தபோது, கட்டு மாற்ற 1,500 ரூபாய் ஆகும் என்றார். அன்று சேலத்தில் இறங்கி, அவரிடம் போகாமல் நாமக்கல் பஸ் ஏறினோம். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம்.

கட்டை வெட்டிய பெண் மருத்துவர் சிறிது நேரம் பேசவே இல்லை. பாதம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, தொட்டால் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. சிரப் பாட்டிலைப் பார்த்ததும், "எத்தனை வேளை கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாதாம். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, கெட்டவை பெருகி, அவற்றின் நஞ்சே முயலைக் கொன்றுவிடும். நான்கு வேளை என் கையாலேயே ஊற்றியிருந்தேன். அந்த மேஜை ஓரத்தில் நின்று அழுதுவிட்டேன்.

தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், அரைத்த தீனியை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரத்தில் விடச் சொன்னார்கள். மறுநாள் மிளகளவு நான்கு புழுக்கைகள் விழுந்தன. வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவு இருக்கும். அந்த நான்கைப் பார்த்து என் மகள் கைதட்டினாள். காலைக் காப்பாற்ற முடியவில்லை, தொடையோடு எடுத்தார்கள்.

நீங்கள் எங்கே போனாலும், முயலுக்கு இதற்கு முன் வைத்தியம் பார்த்திருக்கிறீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எக்ஸ்ரே இல்லாமல் கட்ட விடாதீர்கள். பாதத்தின் நுனி வெளியே தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்தபின் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். சில்லிட்டாலோ வீங்கினாலோ ராத்திரியானாலும் கிளம்புங்கள். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தராதவரிடம் பிராணியைக் கொடுக்காதீர்கள்.

பஞ்சு இப்போது வீட்டுக்குள்தான் இருக்கிறது. தரையெல்லாம் சாக்கு விரித்திருக்கிறோம். வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் சாய்ந்து விழுந்து, எழுந்துகொள்கிறது. கம்பிக் கூண்டைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிளினிக்காரர் கைப்பட எழுதியதாக என்னிடம் இருப்பது அந்த நாள்காட்டித் தாள் ஒன்றுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன்.