மூன்று வருடச் சந்தாவும் 'சஜஸ்ட்' என்ற சொல்லும்

யஷ்வந்த்பூரில் இருக்கும் தோழி நேற்று கேட்டாள்: "அந்த ஆங்கிலம் திருத்துற செயலி பாதி விலைக்கு வந்திருக்கு, நீதான் மூணு வருஷமா காசு கட்டுறியே, வாங்கலாமா?" வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இவ்வளவு நீளம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஏ', 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பதில் அது கில்லாடி. தமிழில் அந்தச் சமாச்சாரமே கிடையாது, நாம் தடுமாறுகிற இடம் அதுதான். 'டிஸ்கஸ்' மட்டும் போதும் என்கிற இடத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதும் என் பழக்கம் ஒழிந்ததும் அதன் புண்ணியத்தில்தான்.

வினைச்சொல்லுக்கு வந்தால்தான் வயிறு எரிகிறது. பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் ஆறு இடத்தில் தண்ணீர் பிடித்து வந்து சோதித்து, அங்கே பொங்கும் நுரைக்குச் சோப்புத்தூள் கலந்த கழிவுநீர் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரையில் 'சஜஸ்ட்' போட்டு எழுதியிருந்தேன். அதன் கீழே நீலக் கோடு. சொல் பலவீனமாம், 'ப்ரூவ்' போடச் சொன்னது. ராத்திரி ஒரு மணி, அமுக்கிவிட்டேன். மதிப்புரையாளரிடமிருந்து திரும்பி வந்தது ஒரே வரி: ஆறு மாதிரியை வைத்துக்கொண்டு எதை நிரூபித்தீர்கள்?

'தெரிகிறது' என்பதையும் 'நிரூபணமாகிறது' என்பதையும் தமிழில் நாம் மாற்றிப் போடுவோமா? கையில் இருக்கிற ஆதாரம் இவ்வளவுதான் என்று நேர்மையாகச் சொல்கிற சொல் 'சஜஸ்ட்'. 'இண்டிகேட்' அதற்கு ஒரு படி மேலே. 'டெமான்ஸ்ட்ரேட்' வேண்டுமென்றால் செய்தே காட்டியிருக்க வேண்டும். அடுத்தவர் கட்டுரையைப் பற்றி 'க்ளெய்ம்' என்று எழுதினால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும். செயலிக்கு இதெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

அப்புறம்தான் 'கோக்கா' (COCA) பக்கம் போனேன்; எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வருகிறது என்று தேடிப் பார்க்கிற இணையத் தொகுப்பு அது. 1990 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆங்கிலம், 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள், ஆய்விதழ்களில் வந்ததை மட்டும் தனியாகப் பிரித்தும் தேடலாம். 'காஸ்' என்று தட்டினால் பக்கத்தில் வந்து நிற்பவை டேமேஜ், ப்ராப்ளம், பெயின், டெத். நானோ தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தியதால் ஆக்ஸிஜன் கூடியது என்ற நல்ல சேதிக்கு 'காஸ்' போட்டு வைத்திருந்தேன்! இலக்கணப் பிழை இல்லை என்பதால் செயலி அதில் வாயே திறக்கவில்லை. 'லெட் டு' என்று மாற்றிவிட்டு, விடிகிற வரை ஒவ்வொரு வினையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். நீ எழுதிய அத்தியாயத்தை அனுப்பு, 'ஏ', 'தி'யை நான் பார்த்துத் தருகிறேன்.