ஒளிந்து பார்ப்பவரின் மனம்: ஃப்ராய்டு, ஸ்டோலர், கிளாசர்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் ஈரப்புடவை மாற்றும் பெண்களை ஒருவர் ஒளிந்து பார்த்துப் பிடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாம்பனிலிருந்து தொண்டி வரை யாரைக் கேட்டாலும் இரண்டு விளக்கங்கள்தான் வரும். ஒன்று, கொழுப்பு. இன்னொன்று, ஏதோ பிடித்து ஆட்டுகிறது, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போங்கள். முதலாவது நான்கு அறையோடு முடிந்துவிடும். இரண்டாவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று பார்த்தோம்: ஏர்வாடியின் தனியார் மனநல விடுதி ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இந்த வழக்கம் எப்படி அவருக்குள் வளர்ந்தது என்று இரண்டுமே கேட்பதில்லை. மனதின் ஆழத்தில் மறைந்திருப்பதைப் பேச்சின் வழியே தேடும் உளப்பகுப்பாய்வு கேட்கிறது, ஆனால் அங்கும் பதில் ஒன்றல்ல.

அந்தத் துறையைத் தொடங்கிய ஃப்ராய்டு 1905இல் சொன்னது எளியது. பார்ப்பதில் இன்பம் எல்லோருக்கும் உண்டு. உடலுறவுக்கு முன்னோடியாக நிற்கவேண்டிய பார்வை, உடலுறவின் இடத்தையே பிடித்துக்கொண்டால் அது பாலியல் பிறழ்வு. வளர்ச்சி ஓரிடத்தில் தேங்கிவிட்டது என்று பொருள். 1927இல், பொருள்மோகத்தை, அதாவது காலணி போன்ற ஒரு பொருளின்மேல் எழும் பாலியல் கிளர்ச்சியைப் பற்றி எழுதும்போது இன்னொன்றைச் சேர்த்தார். பால் வேறுபாட்டை அறிந்த ஆண் பிள்ளைக்குக் தன் உறுப்பும் பறிபோகுமோ என்ற காயடிப்பு அச்சம் எழுகிறது. அறிந்ததை ஏற்றுக்கொண்டும் மறுத்துக்கொண்டும் மனம் இரண்டாகப் பிளக்கிறது. இந்தப் பிளவைக் கண்டதுதான் அவருடைய பெரிய கொடை. அச்சம் முழுவதையும் ஓர் உறுப்பில் கொண்டுபோய் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பெண்களைப் பற்றி அந்தக் கணக்கு ஏறக்குறைய வாய் திறப்பதில்லை. 1988இல் உளச்சிகிச்சையாளர் எஸ்டெலா வெல்டன் வந்து அந்தக் குறையை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலர் 1975இல் பிறழ்வின் அடியில் பகைமை இருக்கிறது என்றார். சிறுவயதில் பட்ட அவமானம் வளர்ந்தபின் வெற்றியாகத் திருப்பி நடிக்கப்படுகிறது. அன்று சிறுமைப்பட்டவன் இன்று சிறுமைப்படுத்துகிறான். நம் மனிதரிடம் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. விரும்பிப் பழகும் பெண் வீட்டில் இருந்தாலும் அவருக்கு அது போதாது; பார்க்கப்படுகிறவளுக்குத் தெரியாமல் பறிப்பதில்தான் கிளர்ச்சி. பிடிபடும் அபாயமும் அந்தக் கிளர்ச்சியில் சேர்த்தி. ஃப்ராய்டின் தேக்கத்தை வைத்து இந்தத் திருட்டுச் சுவையை விளக்குவது கடினம். ஆனால் ஸ்டோலர் சாதாரணப் பாலியல் கிளர்ச்சியிலும் பகைமையின் சாயலைக் கண்டார். அவ்வளவு விரித்தால் பிறழ்வுக்கும் மற்றதற்கும் நடுவே எல்லை எங்கே?

லண்டன் போர்ட்மேன் கிளினிக்கில் இப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த மெர்வின் கிளாசர், 1979இல் ‘மையச் சிக்கல்’ என்ற கருத்தை முன்வைத்தார். இன்னொருவரோடு முழுதாக ஒன்றிவிட ஏக்கம், ஒன்றினால் கரைந்து இல்லாமல் போவோமோ என்ற பீதி, தன்னைக் காத்துக்கொள்ள எழும் வன்மம், விலகி ஓடினால் தாங்கமுடியாத தனிமை, மறுபடி ஏக்கம். இந்தச் சுழலிலிருந்து வெளியேறப் பிறழ்வு ஒரு குறுக்குவழி: வன்மத்தைப் பாலுணர்வாக்கி, மற்றவரை அழிக்காமல், நெருங்கவும் விடாமல், கைக்குள் வைத்துக்கொள்வது. ஒளிந்து பார்க்கும் இடம் சரியாக அந்தத் தூரத்தைத் தருகிறது.

எதிரில் உட்கார்ந்து ஒருவரைக் கேட்கவேண்டியவருக்கு கிளாசர்தான் அதிகம் உதவுவார் என்பது என் தீர்ப்பு. ஸ்டோலரைப் படித்தவர் பழைய அவமானத்தைத் தேடிப் போவார்; அது கிடைக்காமலும் போகலாம். கிளாசரைப் படித்தவர் கண்ணெதிரே நடப்பதைக் கவனிப்பார்: மனம் திறந்து பேசிய மறுவாரமே அந்த மனிதர் ஏன் வராமல் நின்றுவிடுகிறார்?

மூன்றுக்கும் பொதுவான பலவீனம், சிகிச்சைக்கு வந்த சிலரிடமிருந்து பின்னோக்கிக் கட்டப்பட்டவை என்பது. அவமானப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படி ஆவதில்லை. யார் ஆவார் என்று இவற்றை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. தன்பாலின ஈர்ப்பைப் பிணி என்று பிடிவாதமாகச் சொல்லிவந்ததும் இந்தத் துறையின் ஒரு பகுதிதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் அதை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியபோது எதிர்த்து நின்றவர்களில் உளப்பகுப்பாய்வாளர்கள் இருந்தார்கள்.

கரையில் புடவை மாற்றிய பெண்ணுக்கு இந்த மூவரும் எதுவும் தருவதில்லை. அவருக்கு இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இருக்கிறது: முதல் முறை குற்றம் உறுதியானால் ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறை. குற்றவாளியின் இளமைக் காலத்தைக் கேட்டறிவது அந்தத் தண்டனைக்கு மாற்றாகாது.