சுரம் இருக்கிறது, சத்தம் இல்லை: மியூஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ மூன்றில் எது காரணத்தைச் சீக்கிரம் காட்டுகிறது?

சுரங்களை எழுதி வாசிக்கவைக்கும் நோட்டேஷன் மென்பொருளில் பிளே அழுத்தினால் கோடு ஒழுங்காக நகர்கிறது. வயலின் கேட்கிறது, செல்லோ கேட்கிறது. இரண்டாவது பாஸூன் என்ற காற்று வாத்தியம் மட்டும் 12 பாருக்கும் (தாளக் கட்டத்துக்கும்) வாயே திறக்கவில்லை. நேற்று ராத்திரி கேட்டது, இன்று காலை இல்லை. நடுவில் யாரும் எதையும் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

நோட்டேஷன் மென்பொருள்களை ஒப்பிடும்போது எது அழகாக அச்சடிக்கும், எதில் வேகமாக எழுதலாம், எதற்கு எவ்வளவு காசு என்றுதான் பார்க்கிறோம். ஒலி காணாமல் போனால் எது காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று பார்ப்பதில்லை. வாங்கிய பிறகு நம் நேரத்தைத் தின்பது என்னவோ அதுதான். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பொதுவான ஒன்று. எழுதிய சுரம் காதுக்கு வருவதற்குள் ஐந்து கை மாறுகிறது. ஸ்கோரில், அதாவது எழுதிய இசைத் தாளில், அந்த வரி ஒலிக்க அனுமதி இருக்க வேண்டும். 'இது பாஸூன், இதற்கு இந்த ஒலி' என்று மென்பொருள் முடிவெடுக்க வேண்டும். அந்த ஒலியைத் தரும் ப்ளகின், அதாவது மென்பொருளுக்குள் செருகும் துணை புரோகிராம், திறந்திருக்க வேண்டும். ப்ளகின் தேடும் சாம்பிள் ஃபைல்கள் (நிஜ வாத்தியத்தைப் பதிவு செய்த ஒலித் துண்டுகள்) டிஸ்கில் அதே இடத்தில் இருக்க வேண்டும். கடைசியாக ஆடியோ கார்டு. எல்லா வாத்தியமும் ஒரேயடியாக ஊமையானால் சந்தேகம் கடைசிக் கையில்தான்: புளூடூத் ஹெட்செட் மாறியிருக்கும், அல்லது வேறொரு புரோகிராம் ஆடியோ கார்டை இயக்கும் ஏசியோ டிரைவரைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்றிரண்டு மட்டும் ஊமையானால் முதல் நான்கில் தேட வேண்டும்.

பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும் சோதனை ஒன்று உண்டு. ப்ளகினின் சொந்த ஜன்னலைத் திறந்து, அதில் இருக்கும் சின்னக் கீபோர்டை மவுசால் தட்டுங்கள். சத்தம் வந்தால் ப்ளகின், சாம்பிள், ஆடியோ கார்டு மூன்றும் நலம். கோளாறு நோட்டேஷன் பக்கம். வராவிட்டால் ஸ்கோரை நோண்டுவதே வீண். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒருமுறை இரண்டு ராத்திரி தொலைத்தேன். மென்பொருளை நீக்கி மறுபடி போட்டேன், ஸ்கோரைப் புதிதாகத் தட்டினேன், சாம்பிள்களின் தொகுப்பான லைப்ரரியைக்கூட இன்னொரு தடவை டவுன்லோட் செய்யப் போனேன். கடைசியில் பார்த்தால், சாம்பிள்கள் இருந்த எக்ஸ்டெர்னல் டிஸ்கை வேறு யுஎஸ்பி துளையில் செருகியிருந்தேன். டிரைவ் எழுத்து 'இ' என்பதிலிருந்து 'எஃப்' ஆகிவிட்டது. ப்ளகின் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. மவுசால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மியூஸ்கோர்: சரிசெய்வது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம்

2022 டிசம்பரில் வந்த மியூஸ்கோர் 4 ஒலிப் பகுதியை முழுக்க மாற்றியது. இப்போது அதில் ஒலிக்கு மூன்று வழி: சவுண்ட்ஃபான்ட் (ஒரே ஃபைலில் அடங்கிய ஒலித் தொகுப்பு), மியூஸ் சவுண்ட்ஸ் (மியூஸ்கோரின் சொந்த ஒலித் தொகுப்புகள்), விஎஸ்டி3 என்ற வகை ப்ளகின். எஃப்10 தட்டினால் மிக்சர் வரும். ஒவ்வொரு வாத்தியத்தின் பட்டியிலும் அது எந்த ஒலியை உபயோகிக்கிறது என்று பெயர் போட்டிருக்கும். அந்தப் பெயரைத் தட்டி வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இதைவிட எளிமையாக இந்த மூன்றில் வேறு எதிலும் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், ஒலி கிடைக்காதபோது அது நிற்பதில்லை. மியூஸ் சவுண்ட்ஸ் வைத்து எழுதிய ஃபைலை, அந்தத் தொகுப்பு இல்லாத கணினியில் திறந்தால், எம்எஸ் பேசிக் என்ற அடிப்படை சவுண்ட்ஃபான்டில் வாசித்துவிடும். வாத்தியம் என்னவோ சரிதான், தரம்தான் எங்கேயோ போய்விட்டது. 'ஏன் திடீரென்று பொம்மை மாதிரி ஒலிக்கிறது?' என்று கேட்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். மியூஸ் சவுண்ட்ஸை மியூஸ் ஹப் என்ற தனி புரோகிராம் வழியாக ஒவ்வொரு தொகுப்பாக இறக்க வேண்டும். தந்தி வாத்தியங்களை இறக்கிவிட்டுக் காற்று வாத்தியங்களை மறந்தால் பாதி ஆர்கெஸ்ட்ரா ஒரு தரத்திலும் மீதி இன்னொரு தரத்திலும் கேட்கும்.

மியூஸ் சவுண்ட்ஸுக்குச் சொந்த ஜன்னல் கிடையாது என்பது அடுத்த குறை. நான் சொன்ன மவுஸ் சோதனை அங்கே செல்லாது. நான் செய்வது, அந்த வரியை மட்டும் எம்எஸ் பேசிக்குக்குத் தற்காலிகமாக மாற்றிப் பார்ப்பது. இப்போது கேட்டால் ஸ்கோர் நலம், தொகுப்பில்தான் கோளாறு. மியூஸ் ஹப்பைத் திறந்து அந்தத் தொகுப்பை மறுபடி இறக்கிவிடலாம்.

ப்ளகின் விஷயத்தில் இது பிடிவாதக்காரர். விஎஸ்டி3 மட்டும்தான், பழைய விஎஸ்டி2 பட்டியலிலேயே வராது. மியூஸ்கோர் 3 ஏற்ற எஸ்எஃப்இசட் வகை லைப்ரரிகளையும் 4 ஏற்பதில்லை. பழைய ஆட்கள் நிறையப் பேர் இடறி விழும் படி இது. விஎஸ்டி3-தான், ஆனாலும் பட்டியலில் இல்லை என்றால், மியூஸ்கோரின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் 'நோன் ஆடியோ ப்ளகின்ஸ்' என்ற பெயரில் ஒரு ஜேசன் ஃபைல் இருக்கும். மென்பொருளை மூடிவிட்டு அந்த ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்தித் திறந்தால், எல்லா ப்ளகினையும் முதலிலிருந்து தேடும். என் அனுபவத்தில் இது அடிக்கடி பலித்திருக்கிறது.

சிபேலியஸ்: ஆள்மாறாட்டம்

சிபேலியஸில் ஒலி காணாமல் போவதைவிட ஆள் மாறுவதுதான் அதிகம். காரணம் அதன் சவுண்ட்வேர்ல்ட் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு ஒலிக்கும் வம்சாவளி மாதிரி ஒரு முகவரி: தந்தி வாத்தியம், அதற்குள் வயலின், அதற்குள் பிட்சிக்காட்டோ (விரலால் மீட்டுவது). கேட்ட ஒலி கையில் இல்லை என்றால் அது ஒரு கிளை மேலே ஏறி நெருங்கிய சொந்தக்காரரை அழைத்து வரும். யோசித்துச் செய்த ஏற்பாடுதான், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஃப்ளட்டர் டங் (நாக்கை உருட்டி ஊதுவது) என்று எழுதிய இடத்தில் சாதாரணப் புல்லாங்குழல் கேட்கும்போது, லைப்ரரியில் அது இல்லையா அல்லது நாம் எழுதியது புரியவில்லையா என்று நமக்கே தெரியாது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பிளேபேக் கான்ஃபிகரேஷன். மேலே பிளே தாவலில் செட்டப் பகுதியின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும். கண்ணில் படாத அளவுக்குக் குட்டி. அதைத் தட்டினால் எந்தெந்தக் கருவிகள் இயங்குகின்றன, எந்த ஒலிக்கு எதற்கு முன்னுரிமை, ஆடியோ கார்டு எது எல்லாம் ஒரே ஜன்னலில் வரும். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்து கைகளில் மூன்றை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். சிபேலியஸ் சவுண்ட்ஸ் என்ற பெரிய லைப்ரரி மென்பொருளோடு சேர்ந்து வருவதில்லை, தனியாக இறக்க வேண்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பல ஜிபி அளவுள்ள அதைப் பாதியில் விட்டவர்கள் உண்டு.

வெளி நிறுவனங்களின் லைப்ரரி போட்டால்தான் சிபேலியஸ் நம்மைச் சோதிக்கும். லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று அதற்குச் சொல்ல சவுண்ட்செட் என்ற ஃபைல் வேண்டும். அது இல்லாவிட்டால் ப்ளகின் திறந்திருக்கும், மவுசால் தட்டினால் ஒலிக்கும், பிளே அழுத்தினால் மட்டும் வராது அல்லது வேறெதுவோ வரும். நோட்பெர்ஃபார்மர் மாதிரியான ஒலி ப்ளகின்கள் சவுண்ட்செட்டைத் தாங்களே கொண்டுவருவதால் தொல்லை இல்லை. மற்றவற்றுக்கு மேனுவல் சவுண்ட் செட்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சேனலில் எந்த ஒலி என்று நாமே எழுத வேண்டும். பொறுமை வேண்டும் ஐயா.

டோரிகோ: மௌனமாகிவிடும், ஆனால் காட்டிக்கொடுக்கும்

சிபேலியஸை உருவாக்கிய குழுவில் பலர் அங்கிருந்து வெளியேறிய பிறகு ஸ்டைன்பெர்க்கில் சேர்ந்து செய்தது டோரிகோ; முதல் வெளியீடு 2016 அக்டோபரில். ஒலி கிடைக்காவிட்டால் டோரிகோ பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். இது குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தப்பான ஒலி வந்தால் நாம் கவனிக்காமலே விட்டுவிடலாம். சத்தமே வராவிட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

பிளே மோடுக்குப் போனால் விஎஸ்டி பட்டியல் இருக்கும். எந்த வாத்தியம் எந்த ப்ளகினில், எந்தச் சேனலில் போகிறது என்று தெரியும். பக்கத்தில் 'இ' என்ற எழுத்துப் பட்டன். தட்டினால் ப்ளகின் ஜன்னல் திறக்கும். மவுஸ் சோதனைக்கு இதைவிட வசதி கிடையாது. வேறு இடத்திலிருந்து வந்த ஃபைல் ஊமையாக இருந்தால் பிளேபேக் டெம்ப்ளேட்டை (எந்த வாத்தியத்துக்கு எந்த ஒலி என்ற தயார் ஏற்பாட்டை) மறுபடி தேர்ந்தெடுத்து அப்ளை செய்யுங்கள். முக்கால்வாசி அதிலேயே தீரும். (அந்தப் பட்டியலில் 'சைலன்ஸ்' என்றே ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. கை தவறி அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தேடியவர்களில் நானும் ஒருவன்.) மொத்தமும் ஊமை என்றால், ஒலி இன்ஜின் விஎஸ்டி ஆடியோ இன்ஜின் என்ற பெயரில் தனி புரோகிராமாக ஓடுகிறது, டோரிகோவை மூடிய பிறகும் அது பின்னணியில் சிக்கிக்கொண்டிருந்தால் டாஸ்க் மேனேஜரில் நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டும்.

டோரிகோவின் முரட்டுத்தனம் தாள வாத்தியத்தில் தெரியும். டிரம் வரியில் எந்தச் சுரத்துக்கு எந்த அடி என்று சொல்லும் பெர்கஷன் மேப் பொருந்தாவிட்டால், மிக்சரில் எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராது. வாசிக்கும் விதத்தை ப்ளகினுக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் எக்ஸ்ப்ரெஷன் மேப் என்பதும் இதே ரகம். இவை இரண்டும் புரியாமல் வெளி லைப்ரரியை டோரிகோவில் கட்டி மேய்க்க முடியாது. புரிந்துவிட்டால் மற்ற இரண்டிலும் கிடைக்காத கட்டுப்பாடு கிடைக்கும்.

எந்த மென்பொருளும் சொல்லாதவை

ஒலி வந்துகொண்டிருந்தும் நமக்குக் கேட்காத சந்தர்ப்பங்கள் உண்டு. பெரிய தந்தி லைப்ரரிகளில் பலவற்றில் ஒலியின் அளவை முடிவு செய்வது சிசி1, அதாவது மாடுலேஷன் வீல். அதன் மதிப்பு 0-வில் நின்றால் எவ்வளவு அழுத்தி ஃபோர்ட்டே போட்டாலும் முணுமுணுப்பு, அல்லது அதுவும் இல்லை. ப்ளகின் ஜன்னலில் அந்த வீலைக் கையால் மேலே தள்ளுங்கள். சட்டென்று முப்பது வயலின் முழங்கினால் விஷயம் புரிந்துவிடும். டோரிகோவில் இதை எக்ஸ்ப்ரெஷன் மேப்பில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: டைனமிக்ஸுக்கு (ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு) வெலாசிட்டி (சுரத்தைத் தட்டும் வேகம்) வேண்டாம், சிசி1 போதும் என்று. சிபேலியஸில் அந்த வேலை சவுண்ட்செட்டைப் பொறுத்தது.

கீஸ்விட்ச் இன்னொரு கண்ணாமூச்சி. கீபோர்டின் அடியில் உள்ள சில சுரங்கள் ஒலிக்கமாட்டா, வாசிக்கும் விதத்தை மாற்றும். செல்லோவின் ஆழமான சுரம் ஒன்று அங்கே போய் விழுந்தால், அந்தச் சுரம் கேட்காது என்பதோடு அதற்கப்புறம் வரும் எல்லாமே ட்ரெமோலோவாக (நடுங்கும் வாசிப்பாக) மாறிவிடும். வாத்தியத்தின் எல்லைக்கு வெளியே எழுதினாலும் மௌனம்தான். அந்த உயரத்துக்குச் சாம்பிளே பதிவு செய்திருக்கமாட்டார்கள். எல்லை தாண்டிய சுரத்தை மூன்று மென்பொருளும் சிவப்பில் காட்டும், அந்த வசதியை அணைத்து வைக்காமல் இருந்தால்.

ஒரே ஒரு சுரம் மட்டும் ஊமை என்றால் மியூஸ்கோரில் ப்ராப்பர்டீஸில் 'பிளே' டிக் நீக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். சிபேலியஸில் இன்ஸ்பெக்டரில் 'பிளே ஆன் பாஸ்'. டோரிகோவில் 'சப்ரஸ் பிளேபேக்'. நோட்பெர்ஃபார்மர் சுமார் ஒரு வினாடி முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் வாசிக்கும், அந்தத் தாமதத்தைக் கோளாறு என்று நினைத்து நோண்ட வேண்டாம்.

பள்ளிக் குழு, சிறு பாடல், அவ்வப்போது எழுதுவது என்றால் மியூஸ்கோர் போதும். எம்எஸ் பேசிக் எங்கே கொண்டுபோனாலும் ஒலிக்கும். ஒரே லைப்ரரியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் எழுதுபவருக்கு சிபேலியஸ், அதுவும் சவுண்ட்செட் கூடவே வரும் லைப்ரரியாக இருந்தால். நாலைந்து நிறுவனங்களின் லைப்ரரிகளைக் கலந்து வைத்திருப்பவர்கள் டோரிகோவின் மேப்புகளைக் கற்றுக்கொண்டுவிடுவது நல்லது.

ஃபினாலே என்ற இன்னொரு நோட்டேஷன் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுவான ஃபைல் வடிவம் வழியாக வேறு மென்பொருளுக்கு மாறினால் சுரங்களும் குறியீடுகளும் வந்துவிடும். எந்த வரி எந்த ப்ளகினில் ஒலித்தது என்பது வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பழைய கணினி இன்னும் திறக்கும்போதே ஸ்கோர் மேனேஜரைத் திறந்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எந்த ஒலி, எந்தச் சேனல் என்பதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூடவே அந்த ஸ்கோரை ஒரு ஆடியோ ஃபைலாகவும் ஏற்றுமதி செய்துவிடுங்கள். புதிய மென்பொருளில் இரண்டாவது பாஸூன் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒப்பிட வேறு வழி இருக்காது.