ஒரு கோடு டவர் உள்ள ஊரில் மனநல சிகிச்சை: வீடியோவா, போன் காலா, வாய்ஸ் நோட்டா, நேரில் போவதா?

வாரம் ஒரு முறை, 45 நிமிடம், வீடியோவில் கவுன்சலிங் என்று ஏற்பாடாகிறது. இருபதாவது நிமிடத்தில், இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுக்கும்போது, எதிரே இருப்பவரின் முகம் திரையில் அப்படியே நின்றுவிடுகிறது. "கேக்குதா? இப்பக் கேக்குதா?" இணைப்பு திரும்ப வரும்போது அந்தப் பேச்சு போய்விட்டது. மூன்று வாரம் இப்படியே ஆனால் நாலாவது வாரம் ஆள் வருவதில்லை. அவருக்குச் சிகிச்சையில் அக்கறை இல்லை என்று எழுதிவைப்பது அநியாயம். நெட் சரியில்லாத இடத்துக்குப் பொருந்தாத வழியைக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் உண்மை.

வீடியோதான் உசத்தி, மற்றதெல்லாம் வேறு வழியில்லாததால் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ, ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும் இடத்தில், வரிசையே மாறிவிடும்.

வீடியோ: எவ்வளவு வேண்டும், எங்கே உடைகிறது

இருவர் பேசும் ஜூம் அழைப்பு தெளிவாகத் தெரிய, போகவும் வரவும் தலா 600 கேபிபிஎஸ் வேகம் தேவை. 45 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 400 எம்பி. படத்தை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் என்றால் தலா 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும். அதே 45 நிமிடம் ஏறக்குறைய 50 எம்பியில் முடிகிறது.

ஆனால் வீடியோ உடைவது பெரும்பாலும் டேட்டா தீர்ந்து அல்ல. உடைப்பது அப்லோடு. யூடியூப் நன்றாக ஓடுகிறதே என்று நம்பி உட்காருவார்கள். யூடியூப் டவுன்லோடு மட்டும்தான், அதுவும் முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு ஓடுகிறது. நேரடி அழைப்பில் அப்படிச் சேமிக்க வழியில்லை. உங்கள் முகமும் குரலும் அந்தந்த நொடியே மேலே போயாக வேண்டும். டவரிலிருந்து தள்ளி இருக்கும் போனுக்கு அதுதான் திணறுகிறது.

சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. அமர்வு செவ்வாய் இரவு 8 மணி என்றால், திங்கள் இரவு 8 மணிக்கு, அதே இடத்தில் உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். காலை ஆறு மணி வேகம் எதற்கும் ஆகாது. இரவில் ஊரே போனோடு உட்கார்ந்திருக்கும். அப்லோடு 1 எம்பிபிஎஸ்சுக்கு (1000 கேபிபிஎஸ்) கீழே இழுத்தால் வீடியோவை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டி 115, 120 என்று போனால் படம் நிற்கும், குரல் ரோபோ மாதிரி கரகரக்கும். ஜன்னலுக்கும் உள்ளறைக்கும் நடுவிலேயே பத்துப் புள்ளி வித்தியாசம் வரலாம் என்பதால், நடந்து பார்த்து இடம் குறித்துக்கொள்வது பலன் தரும்.

வீடியோ அவசியமான இடங்களும் இருக்கின்றன. மருத்துவர் முதல்முறை பார்க்கும்போது, ஆள் சாப்பிடாமல் மெலிந்திருக்கிறாரா, பேசும்போது கண் எங்கே போகிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். அந்த ஒரு அமர்வுக்காக டவர் உள்ள ஊருக்குப் போய் உட்காருவது தகும். வாராவாரம் அதற்காகப் போராடுவது தகாது.

சாதாரண போன் காலும் வாட்ஸ்அப் காலும் ஒன்றல்ல

பலரும் தவறவிடும் இடம் இது. 4ஜி போனில் நம்பரை அழுத்திப் பேசும் சாதாரண அழைப்புக்கு நெட்வொர்க்கே முன்னுரிமை கொடுத்துத் தனிப் பாதை ஒதுக்குகிறது. வாட்ஸ்அப் காலுக்கு அது கிடையாது. பக்கத்து வீட்டு ரீல்ஸோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் விட்டு விட்டுக் கேட்கும் குரல், அதே இடத்தில் சாதாரண காலில் தெளிவாகக் கேட்கிறது. வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்டு டேட்டா' பகுதிக்குப் போய், அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்பதைப் போட்டுவையுங்கள். வீட்டில் பிராட்பேண்டு இருந்து டவர் மட்டும் இல்லையென்றால், போனில் வைஃபை காலிங்கை இயக்கினால் சாதாரண நம்பரிலேயே பேசலாம். ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும்; ரவுட்டருக்கான சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால் அமர்வு நடுவில் அறுபடாது.

போனில் பேசுவதெல்லாம் சிகிச்சையா என்ற சந்தேகம் இயல்பானது. 2012-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வு உள்ள 325 பேரில் ஒரு பாதிக்குப் போனிலும் மறு பாதிக்கு நேரிலும் 18 அமர்வுகள் கொடுத்துப் பார்த்தார்கள். போன் பிரிவில் நடுவில் நின்றவர்கள் சுமார் 21 சதவீதம், நேரில் வந்தவர்களில் சுமார் 33. சிகிச்சை முடிந்தபோது இரு பக்கமும் குணம் ஏறக்குறைய சமம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நேரில் வந்தவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

போன் காலில் பெரிய சங்கடம் மௌனம். நேரில் மௌனம் ஒரு பேச்சு மாதிரி. காலில் அழுகிறாரா, யோசிக்கிறாரா, லைன் போய்விட்டதா தெரியாது. பதறிப்போய் "ஹலோ, ஹலோ" என்று அழைத்தாலே மனம் மூடிக்கொள்ளும். முதல் அமர்விலேயே ஒரு ஒப்பந்தம் வேண்டும்: பேச முடியாதபோது போனை விரலால் ஒரு தட்டு; ஆலோசகர் பத்து நொடிக்கு ஒரு முறை மெல்ல "இருக்கேன்" என்பார். இயர்போன் ஒயர் வைத்ததாக இருக்கட்டும். மலிவான புளூடூத்தில் சார்ஜ் இறங்குவது ஒரு தொல்லை, மைக் வாயிலிருந்து தள்ளி இருப்பது இன்னொன்று.

14416 என்பது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம், நெட் தேவையில்லை, பட்டன் போன் போதும். முதலில் ஆலோசகர் எடுப்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். இன்று இரவே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் முதல் தேர்வு இதுதான். வாராவாரம் அதே ஆளோடு தொடரும் நீண்ட சிகிச்சைக்கு மட்டும் தனி ஆலோசகரோ மருத்துவமனையோ வேண்டும்.

வாய்ஸ் நோட்டும் எஸ்எம்எஸ்ஸும்

நேரடி அழைப்பு நிற்கும் இடத்திலும் பதிவு போய்ச் சேரும். டவர் போனால் அனுப்புவது நிற்கும். திரும்ப வந்ததும் முயலும். ஒரு நிமிட வாய்ஸ் நோட்டு கால் எம்பிகூட வராது. மருந்து எடுப்பவருக்கு இது பெரிய உதவி. சில மனநோய் மருந்துகள் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் கொண்டுவரும். விட்டுவிட்டு வரும் வீடியோ காலில் நடுக்கம் எது, படத்தின் தடங்கல் எது என்று தெரியாது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பத்து நொடி, எழுந்து பத்தடி நடந்து திரும்புவது பத்து நொடி. இதை வெளிச்சத்தில் பதிவு செய்து அனுப்பினால் மருத்துவர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாள் தமிழில் உண்டு. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. தாளை வீட்டில் வைத்துக்கொண்டால், பதிலை ஒன்பது எண்களாக ஒரே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடலாம்: 2 1 3 2 0 1 1 0 0 என்று. நெட்டே வேண்டாம். ஆனால் ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அன்றே அதைப் பார்த்து, பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் உடனே அழைக்க ஒருவர் இல்லையென்றால், அந்தக் கேள்வியை எஸ்எம்எஸ்ஸில் கேட்கவே கூடாது. நேரில் அல்லது காலில் கேட்க வேண்டும்.

மற்றபடி, எழுத்து சாட்டிலேயே முழுச் சிகிச்சை என்பது தமிழில் தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓடும். மற்றவர்கள் ரெண்டு வரியில் "பரவால்ல" என்று முடித்துவிடுவார்கள்.

நேரில் போக வேண்டிய வேலைகள்

சில வேலைகளைப் போனில் செய்ய முடியாது. 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைப் பொதுவாகத் தொலைவழியில் எழுதக் கூடாது. பதற்றத்துக்குப் பலர் எடுக்கும் அல்பிரசோலம் அந்தப் பட்டியலில் உண்டு. லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும், அதுவும் கடைசி மாத்திரை எடுத்துப் 12 மணி நேரம் கழித்து. இரவு 8-க்குப் போட்டால் காலை 8-க்கு ரத்தம், காலை மாத்திரை அதற்குப் பிறகுதான். வீட்டிலிருந்து ஆய்வகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால் இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மருத்துவரும் இலவச மருந்தும் கிடைக்கிறது. குறிப்பிட்ட நாளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குழு வரும். எந்த நாள் என்று கிராம செவிலியரிடம் கேட்டால் தெரியும். மருந்து அங்கே, பேச்சுச் சிகிச்சை போனில் என்று பிரித்துக்கொள்வதே பலருக்கு எல்லாவற்றிலும் நன்றாக ஓடும் ஏற்பாடு. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தையே அனுப்பியது. மருத்துவரோடு வீடியோவில் பேச உள்ளே ஒரு அறை, பக்கத்திலேயே மருந்து கொடுக்கும் இடம். நோயாளியை நெட் தேடி அலையவிடாமல் நெட்டையும் மருந்தையும் சேர்த்து ஊருக்குக் கொண்டுபோன யோசனை அது; இன்னும் நிறைய ஊர்களுக்கு அது வேண்டும்.

டவர் உள்ள இடத்தில் தனிமை இல்லை

டவர் கிடைப்பது ஏரிக்கரையிலோ மொட்டைமாடியிலோதான். அங்கே நாலு பேர் இருப்பார்கள். தனிமை கிடைக்கும் அறையில் டவர் இல்லை. இரண்டில் ஒன்று என்றால் தனிமையைத் தேர்ந்தெடுத்து, அழைப்பைக் குரலாக இறக்கிவிடுங்கள். ஆம், இல்லை என்று நீங்கள் பதில் சொன்னால் போதும் என்கிற மாதிரிக் கேள்விகளாகக் கேட்க ஆலோசகரிடம் சொல்லலாம். யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியம் வைத்துக்கொள்ளலாம்: "ரேஷன்ல அரிசி வந்துருச்சா?" என்றால் அப்புறம் பேசுவோம் என்று பொருள். போனைக் கணவரோ பிள்ளையோ சேர்ந்து பயன்படுத்தினால் வாய்ஸ் நோட்டை அனுப்பியதும் அழித்துவிடுங்கள். கால் ரெக்கார்டிங் தானாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

முதல் அமர்வில் ஒரு தாளில் எழுத வேண்டியவை: இன்று எந்த ஊர், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், லைன் அறுந்தால் யார் திரும்ப அழைப்பது, எத்தனை முறை. இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இருவருக்கும் பிஸி என்றுதான் வரும், ஐந்து நிமிடம் அதிலேயே போகும். அதனால் எப்போதும் ஆலோசகர்தான் அழைப்பார், நீங்கள் காத்திருப்பீர்கள். இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் இரண்டாவது சிம்முக்கு வரும். அந்த சிம்மின் ரீசார்ஜ் தேதியையும் அதே தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108-க்கு முன்னாலேயே நடந்து வந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும். அவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு எழுதுங்கள்.