பீட்டர் கேப்ரியலா, ஃபில் காலின்ஸா?

ஜெனிசிஸ்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டுல பாடின இந்த ரெண்டு பேர்ல யாரோட சோலோ கரியர் பெஸ்ட்னு சண்டை ஆரம்பிச்சா லேசுல முடியாது. ஹிட் கணக்குதான் வேணும்னா பேச்சே வேணாம், காலின்ஸ்தான். அமெரிக்காவுல தனி ஆளா 7 நம்பர் ஒன் பாட்டு. கேப்ரியலுக்கு ஒண்ணே ஒண்ணு, ஸ்லெட்ஜ்ஹாமர். ஆனா 1986ல அந்த ஒண்ணு எதைக் கீழ தள்ளிட்டு முதலிடத்துக்கு வந்துச்சு தெரியுமா, காலின்ஸ் பாடின ஜெனிசிஸோட இன்விசிபிள் டச் பாட்டை!

கேப்ரியல் மேடையில நரித்தலை, பூ முகமூடின்னு வேஷம் கட்டி ஆடின ஆளு, பேண்டு நல்லா சூடு பிடிச்சு வர்ற நேரத்துல 1975ல போதும்டா சாமின்னு கிளம்பிட்டார், பேண்டுல மத்தவங்களும் ஆடிஷன் மேல ஆடிஷன் வெச்சுப் பாத்துட்டு ஒருத்தரும் செட் ஆகாம கடைசில டிரம்ஸ்ல உக்காந்திருந்த காலின்ஸையே மைக் முன்னாடி நிறுத்திட்டாங்க. காலின்ஸ் 1981ல முதல் சோலோ ஆல்பம் ஃபேஸ் வேல்யூ போட்டப்பவும் பேண்டை விடல, 1996லதான் விலகினார். அதாவது சோலோ ஊத்திக்கிட்டாலும் திரும்பிப் போக இடம் இருந்துச்சு. கேப்ரியலுக்கு அது இல்ல, இருந்தும் அவர்தான் ரிஸ்க் எடுத்தார்.

எப்படின்னா, முதல் 4 ஆல்பத்துக்கும் தலைப்பே கிடையாது, வெறும் தன் பேரு. அதுல 1980ல வந்த மூணாவதைக் கேட்டுட்டு அமெரிக்காவுல அட்லாண்டிக் கம்பெனி எங்களுக்கு வேணாம்னு கழட்டி விட்டுட்டாங்க, மெர்குரி கம்பெனி வாங்கி வெளியிட்டாங்க. என்னைக் கேட்டா அதுதான் அவரோட உச்சம். டிரம்ஸ் செட்ல இருக்கற உலோகத் தட்டு, அதான் சிம்பல், அதையே அடிக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டு ரெக்கார்ட் பண்ணினாங்க, இன்ட்ரூடர் பாட்டுல ஒவ்வொரு அடிக்கும் எதிரொலி பெருசா எழும்பி சட்டுனு அறுந்துடும். டிரம்ஸ் அடிச்சது யாரு? காலின்ஸ்! இன்ஜினியர் ஹியூ பட்ஜாம். அடுத்த வருஷமே காலின்ஸும் பட்ஜாமும் அதே சத்தத்தை காலின்ஸோட இன் தி ஏர் டுநைட் பாட்டுல வெச்சாங்க, உலகமே அதை காலின்ஸ் சவுண்டுன்னு சொல்லிடுச்சு. கேப்ரியல் ரசிகர்கள் இதுக்கு இன்னும் பொங்குவாங்க, அடிச்சது காலின்ஸ் கைதானேப்பா, விடுங்க.

காலின்ஸ் பிரச்சனை வேற. ஃபேஸ் வேல்யூல முதல் கல்யாணம் உடைஞ்ச வலி அப்படியே இருக்கும், அப்புறம் 1985ல வந்த நோ ஜாக்கெட் ரிக்வயர்ட் ஆல்பம் அடுத்த வருஷம் கிராமி வாங்கிச்சு, 1985லயே லைவ் எய்டுங்கற பஞ்ச நிவாரணக் கச்சேரிக்காக லண்டன்ல பாடிட்டு கான்கார்ட் அதிவேக விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியாலயும் பாடினார். எங்க திரும்பினாலும் அவர்தான், ஜனங்களுக்கு திகட்டிடுச்சு. டார்ஜான் படப் பாட்டுக்கு ஆஸ்கர் எல்லாம் சரி, ஆனா நான் தேடிப் போய் கேக்கறது முதல் ரெண்டு ஆல்பம்தான்.

கேப்ரியல் நேர் எதிர், ஆமை வேகம். 'அப்'ங்கற ஆல்பம் 2002ல வந்துச்சு, அடுத்து முழுக்க தன்னோட புதுப்பாட்டு ஆல்பம்னா ஐ/ஓ, 2023ல! அந்த இடைவெளியை எந்த ரசிகனும் மன்னிக்க மாட்டான். ஆனா 1989ல வந்த பேஷன் (Passion) ஆல்பத்துல பாகிஸ்தான் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் குரலும் நம்ம எல். சங்கரோட டபுள் வயலினும் வரும் பாருங்க, அந்த மாதிரி ஒரு ஆல்பம் காலின்ஸ் கிட்ட இல்லவே இல்ல. அதனால என் ஓட்டு கேப்ரியலுக்கு. புதுசா கேக்கறவங்க மட்டும் ஃபேஸ் வேல்யூல ஆரம்பிங்க, எடுத்ததும் இன்ட்ரூடர் போட்டா பாதியிலயே நிறுத்திடுவீங்க.