வெளிநாட்டில் தொலைதூர வேட்டை என்று பணம் கட்டப்போகிறவர்களுக்கு: ரூ.1,92,000 இழந்தவனின் எச்சரிக்கை

வேட்டைக்கு ஏற்பாடு செய்த முகவருக்கு நான் அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் கடிதம், ‘இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை’ என்ற குறிப்போடு இன்று காலை அம்பாசமுத்திரத்தில் உள்ள என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. இத்தனை நாளும் பொறுமையாக இருந்தவன், அந்த உறையைக் கையில் வாங்கிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இழந்த தொகை ரூ.1,92,000. கள்ளன் வீடு புகுந்து எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட மனம் இவ்வளவு கொதித்திராது. வீட்டுக்கு வந்தவனை உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, என் கையாலேயே அனுப்பிய பணம் அது.

பட்டாளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தாத்தா மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியோடு மலையடிவாரத்தில் பன்றியும் மிளாவும் சுட்ட காலத்து ஆள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டில் பேச்சாக மட்டுமே மிஞ்சியது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பன்றி வந்து வயலை உழுதுவிட்டுப் போனாலும் வனத்துறைக்குத் தகவல் சொல்வதைத் தவிர நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதில் எனக்கு மனக்குறையும் இல்லை. ஆனாலும் ஒரு முறையாவது, சட்டம் அனுமதிக்கும் ஒரு நாட்டில், தாத்தா செய்ததைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் கிடந்தது. வேட்டையே பாவம் என்று எண்ணுகிறவர்கள் என்னைத் திட்டலாம், கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் எழுத வந்தது ஏமாந்த கதையைத்தான்.

மகன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். பேரப்பிள்ளையைப் பார்க்க ஜூலையில் போவது என்று முடிவானதும், வெளிநாட்டு வேட்டைப் பயணங்களை ஏற்பாடு செய்து தரும் ஓர் இணையதளத்தில் விசாரித்தேன். தளத்தின் பெயரை வழக்கு முடியும்வரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. படங்கள் நிறைய, கட்டணப் பட்டியல் பளிச்சென்று, கேள்வி கேட்டால் பத்து நிமிடத்தில் தமிழிலேயே பதில் வரும், அப்படிப்பட்ட தளம். பங்குனி மாதம் அவர்களுடைய முகவர் ஒருவர் காரில் வீட்டுக்கே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், நம் பக்கத்துப் பேச்சு. தென்னாப்பிரிக்காவின் கரூ சமவெளியில் இரண்டு நாள் மான் வேட்டை, ஸ்பிரிங்பாக் மான் ஒன்று, பிளெஸ்பாக் மான் ஒன்று, அதற்கு முன் ஒரு முழு நாள் 600 மீட்டர் வரை இலக்குப் பயிற்சி, துப்பாக்கி வாடகை, பதிவு பெற்ற வழிகாட்டி, தங்குமிடம், எல்லாம் சேர்த்து ரூ.1,92,000 என்றார்.

அப்போதும் நான் தயங்கினேன். தொலைவில் நிற்கும் உயிரைச் சுடுவது பட்டாளத்துப் பலகையைச் சுடுவது போன்றதல்ல என்பது எனக்குத் தெரியும். 300 மீட்டரில் எஸ்.எல்.ஆர். என்ற பட்டாளத்துத் துப்பாக்கி கொண்டு எத்தனையோ முறை குறி அடித்திருக்கிறேன், ஆனால் பலகை நகராது, வலியில் கத்தாது. இதை அவரிடம் சொன்னபோது, சுவரில் தொங்கிய தாத்தாவின் படத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணாச்சி, இந்தப் படத்துக்குப் பக்கத்துல உங்க படம் ஒண்ணு தொங்கணும். பட்டாளத்துல குறி பாத்த கைக்கு நாங்க என்ன சொல்லிக்குடுக்கப் போறோம்? தூரத்துக்கு எத்தனை கிளிக் திருப்பணும்னு அட்டையே குடுத்துருவோம்” என்றார். துப்பாக்கியின் குறிநோக்கியில் உள்ள குமிழைத் தூரத்துக்கேற்பத் திருப்பும் ஒவ்வொரு படிதான் கிளிக், எந்தத் தூரத்துக்கு எத்தனை என்று எழுதியதுதான் அட்டை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அட்டை, கிளிக் என்று துல்லியமாகப் பேசுகிறவன் ஏமாற்றுக்காரனாக இருக்க மாட்டான் என்று நம்பிவிட்டேன். அவர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் முன்பணம் ரூ.96,000 அனுப்பினேன், பிசான நெல் விற்று வந்த பணம். ஜூன் மாதம் மீதி ரூ.96,000. இரண்டு தடவையும் பணம் போனது தளத்தின் கணக்குக்கு அல்ல, அவர் சொன்ன ஒரு தனி ஆளின் கணக்குக்கு. “கம்பெனி கணக்குல வரி பிரச்சினை அண்ணாச்சி” என்றார். நானும் தலையாட்டினேன். என் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் விலைதான் ரூ.1,92,000 என்று இப்போது தெரிகிறது.

கரூவில் ஜூலை கடுங்குளிர், விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. வேட்டைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் மாற்றத்தைச் சொன்னார்கள். எனக்கென்று சொல்லியிருந்த 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா போடும் ரைபிள் வேறொருவரிடம் போய்விட்டதாம், அதற்குப் பதிலாக .308 தருவார்களாம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். .308 என்பது ஏறக்குறைய எஸ்.எல்.ஆரில் நான் சுட்ட அதே 7.62 தோட்டா. பழைய நண்பனைப் பார்த்தது போல் இருந்தது. அடுத்த மாற்றம், 600 மீட்டர் பயிற்சி நாள் மூன்றே வெடியாகச் சுருங்கியது. 100 மீட்டரில் ஓர் அட்டைப் பெட்டி வைத்து மூன்று தோட்டா சுடச் சொன்னார்கள். மூன்றும் ஒரு கைப்பிடிக்குள் விழுந்ததும், “போதும், ஜீரோ ஆகிவிட்டது”, அதாவது குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழுகிறது என்று முடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டு வேட்டைக்காரருடன் பதிவு பெற்ற தொழில்முறை வழிகாட்டி இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. என்னுடன் வந்த இளைஞன் எந்த அடையாள அட்டையும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இதெல்லாம் என் தவறு என்று ஒத்துக்கொள்கிறேன்.

காற்று அடங்கியிருக்கும் காலை வேளையில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தவர்கள், பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் புறப்பட்டார்கள். அந்நேரம் சமவெளியில் பக்கவாட்டுக் காற்று நன்றாகவே வீசியது. ஸ்பிரிங்பாக் கூட்டம் ஒன்று தெரிந்தது. இளைஞன் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்து 380 மீட்டர் என்றான். இன்னும் நெருங்கலாமா என்று கேட்டேன். தொலைதூர வேட்டைக்குப் பணம் கட்டியவர் ஏன் நெருங்க வேண்டும் என்று சிரித்தான். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையை நீட்டினான். 380க்கு நேராக 20 கிளிக் என்று இருந்தது. திருப்பினேன். பைபாட் என்ற இருகால் தாங்கியை ஊன்றிப் படுத்து, மூச்சை அடக்கி, நெஞ்சின் நடுவில் வைத்து, காற்றுக்கு விட வேண்டிய இடமும் விட்டுச் சுட்டேன்.

அந்தத் தூரத்தில் தோட்டா போய்ச் சேர அரை நொடிக்கும் மேல் ஆகிறது. அதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்துவிடலாம் என்று வேட்டைக்காரர்கள் எச்சரிப்பார்கள். இந்த விலங்கு நகரவில்லை. தோட்டாதான் கீழே இறங்கிவிட்டது. முன்னங்கால் ஒடிந்து, மூன்று காலில் அது ஓடியது. இரண்டாவது வெடிக்கு வழியில்லாமல் கூட்டத்தோடு கலந்துவிட்டது. இருட்டும்வரை தேடினோம். இரத்தத் துளிகள் ஒரு வறண்ட ஓடை வரைக்கும் இருந்தன, அதற்கு மேல் இல்லை. மறுநாள் தேடலாம் என்றேன், எரிபொருளுக்குத் தனிப் பணம் கேட்டார்கள்.

இரவு அறையில் தூக்கம் வராமல் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பேனாவால் 6.5 என்று எழுதியிருந்தது. துப்பாக்கியை மாற்றினார்களே தவிர அட்டையை மாற்றவில்லை. தோட்டாவுக்குத் தோட்டா விழும் அளவு மாறும் என்பது துப்பாக்கி பிடித்த எவனுக்கும் தெரிய வேண்டிய பாலபாடம். 100 மீட்டரில் ஜீரோ செய்த .308இன் தோட்டா, 380 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கும். அதற்கு 25 கிளிக்காவது திருப்பியிருக்க வேண்டும். கிரீட்மூர் தோட்டா அவ்வளவு இறங்காது, அதனால்தான் அட்டையில் 20. ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ. என்றால் 380 மீட்டரில் 3.8 செ.மீ.; ஐந்து கிளிக் குறைந்தால் 19 செ.மீ., ஏறக்குறைய ஒரு சாண். நெஞ்சுக்கும் முன்னங்காலுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு சாண்தான். எஸ்.எல்.ஆரில் ஆயிரக்கணக்கில் சுட்டவன் நான், 20 என்ற எண்ணைப் பார்த்ததுமே இது குறைவாயிற்றே என்று கை நின்றிருக்க வேண்டும். அட்டை அச்சடித்திருந்ததால் கை நிற்கவில்லை. என் தாத்தா முப்பது அடிக்குள் வந்தால்தான் வெடி வைப்பார், அதற்கு அப்பால் சுடுகிறவனை வேட்டைக்காரன் என்று ஒப்பவே மாட்டார்.

காலையில் கணக்கு வந்தது. தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் இரத்தம் சிந்திய விலங்கு கைக்குக் கிடைக்காவிட்டாலும் சுட்டதாகவே கணக்கு, முழுக் கட்டணம் உண்டு. அது அங்கே பொதுவான வழக்கம்தான், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அட்டை தவறு என்று நான் வாய் திறந்ததும், இரண்டாம் நாள் வேட்டை ‘காற்று அதிகம்’ என்று ரத்து ஆனது. பிளெஸ்பாக்கை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. போட்டோ இல்லை, பயிற்சி இல்லை, வழிகாட்டி இல்லை. ரூ.1,92,000 மட்டும் போயிருந்தது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. பண்ணைக்காரரைக் கேட்டால், எங்களுக்கு வந்தது ஒரு நாள் கட்டணம்தான், மீதியை உங்கள் முகவரிடம் கேளுங்கள் என்றார். முகவரைக் கேட்டால், துப்பாக்கி விஷயம் பண்ணையின் பொறுப்பு அண்ணாச்சி, அங்கே பேசுங்கள் என்றார். தளத்துக்கு எழுதினால், ‘உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரே பதில் நான்கு முறை வந்தது. ஐந்தாவது முறை, நாங்கள் இருதரப்பையும் அறிமுகம் செய்துவைக்கிறவர்கள் மட்டுமே, உங்கள் பணம் எங்கள் கணக்குக்கு வரவில்லை என்று வந்தது. அது உண்மைதான், வரவில்லை. ஊர் திரும்பியபின் முகவரின் தொலைபேசி முதலில் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு பிஸி, இப்போது அணைந்தே கிடக்கிறது. ஒரே ஒரு தடவை எடுத்தவர், “அண்ணாச்சி, குறி தவறுனது உங்க கை, அதுக்கு நாங்க எப்படி பணம் திருப்பித் தர முடியும்?” என்று கேட்டார். ரூ.1,92,000 போனதைக் காட்டிலும் அந்தக் கேள்விதான் நெஞ்சில் தைத்துக் கிடக்கிறது. ரசீதை எடுத்து ஒழுங்காகப் படித்தபோது, வேட்டை என்ற சொல்லே அதில் இல்லை. ‘பயண ஆலோசனைக் கட்டணம்’ என்று இருந்தது. அதிலிருந்த முகவரிக்கு அனுப்பிய கடிதம்தான் இன்று காலை திரும்பியது.

எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டுவிட்டு விரிவாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நேரம் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆள் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ரசீதில் எந்த விலங்கு, எத்தனை நாள், எந்தத் துப்பாக்கி, வழிகாட்டியின் பதிவு எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். துப்பாக்கி மாறினால் அட்டையை வீசிவிட்டு, நீங்கள் சுடப்போகும் அதே தூரத்தில் அதே தோட்டாவால் சுட்டுப் பார்க்காமல் உயிர்மேல் குறி வைக்காதீர்கள், நெருங்க முடிந்தால் நெருங்குங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐ அழையுங்கள், நான் தாமதித்தேன். நுகர்வோர் உதவிக்கு 1915. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். திருநெல்வேலியில் நாளை என் மனுவைக் கொடுக்கிறேன்.

அதற்கு இரண்டு தவணைக்கும் வங்கிக் கணக்குப் பிரதி, முத்திரையோடு வேண்டும் என்று வக்கீல் கேட்டிருக்கிறார். மணி மூன்றாகிவிட்டது, வங்கி அடைப்பதற்குள் போக வேண்டும். இதே பேச்சு, இதே ரசீது யாருக்காவது வந்திருந்தால் கீழே எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.